கீ நம்பர் கெட்டுப்போகாதாம்

அந்த டிக்கெட்டை எதற்கு அக்கா அவ்வளவு பத்திரமாகப் பர்ஸுக்குள் வைத்து ஜிப்பை இழுக்கிறீர்கள்? இந்த பஸ்ஸில் பொம்பளைகளுக்கு ஓசிப் பயணம்தானே. செக்கிங் ஏறினால் காட்டுவதற்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். அந்தப் பேப்பரை நம்பாதீர்கள். பத்து நாள் வெயில் பட்டால் எழுத்து போய் வெள்ளையாகிவிடும். சூடு காட்டினால் இன்னும் மோசம், தோசைக்கல் மாதிரி கறுத்துவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் ஒரு மனிதர் ஒன்பது நாளாக வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு அலைகிறார்.

இதோ, பையிலேயே இருக்கிறது, பாருங்கள். பதினாலு அட்டை. லேமினேஷன் எப்படி? ஒரு குமிழி உண்டா, ஓரத்தில் ஒரு பிசிறு உண்டா? வேலை சுத்தம். உள்ளே இருக்கிறதுதான் கறுப்பு.

நீங்கள் எங்கே இறங்கணும்? கயத்தாறா? அப்போ நான் உங்களுக்கு முன்னாடி இறங்கிவிடுவேன். ஓடைக்கரைப்பட்டி விலக்கு ஸ்டாப். என் பேர் காளீஸ்வரி. வீட்டுக்காரர் அழகுராஜ், கரண்ட் எடுக்கிற காற்றாடிக்கு மெக்கானிக். ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நிற்கிறதே, அதேதான். வைகாசியில் காற்று பிடித்தால் புரட்டாசி வரைக்கும் அந்த மனிதர் தரையில் கால் வைப்பதில்லை. ஐப்பசி பிறந்தால்தான் லீவு. அஞ்சு மாதம் வானத்தில் தொங்கிவிட்டு வருகிறவர் லீவில் என்ன செய்வார்? கூரையில் ஓட்டையை அடைப்பார், மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பார் என்று நினைப்பீர்கள். இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். கேம்.

அதுவும் இப்போது உட்காருவதில்லை, அதுதான் வேடிக்கை. மூன்று வருடமாக வாங்கி மட்டும் வைக்கிறார்.

உங்களுக்கு இந்த விவகாரம் தெரியுமோ என்னமோ. இப்போதெல்லாம் கேம் வாங்கினால் கையில் ஒரு சாமானும் தருவதில்லை அக்கா. எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு நம்பர் தருகிறார்கள். அதற்குப் பேர் கீ. கம்ப்யூட்டரில் அந்த நம்பரை அடித்தால் விளையாட்டு திறக்கும். கோவில்பட்டியில் ஜெபஸ்டின் என்று ஒரு தம்பி கடை வைத்திருக்கிறான். இவர் கேட்டால் அவன் ஆன்லைனில் வாங்கி, பில் அடிக்கிற மிஷினில் அந்த நம்பரை ஒரு துண்டாக அடித்துக் கொடுப்பான். இவர் அதை நாலாக மடித்துக் கொண்டுவந்து பிஸ்கட் டின்னுக்குள் போடுவார். மூடுவார். அவ்வளவுதான். விளையாட்டு முடிந்தது.

செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள் என்றால், அதை எவனாவது திருடிவிடுவானாம். பிஸ்கட் டின்னைத் திருட மாட்டானாம்.

நான் கேட்டேன். "ஏங்க, வாங்கினதை விளையாடுங்க, இல்லைன்னா வாங்காதீங்க. இது என்ன பழக்கம், கருவாடா காயப் போட்டு வைக்க?"

"கிடக்கட்டும் காளி. காத்து சீசன் முடியட்டும்."

"அதுக்குள்ள கெட்டுப் போகாதா?"

"கீ நம்பர் கெட்டுப் போகாது."

எப்படிச் சொன்னார் தெரியுமா? ஏதோ மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற மாதிரி. கெட்டுப்போகாதாம்! பால் பாக்கெட்டில் தேதி இருக்கிறது. பிள்ளைக்கு வாங்குகிற காய்ச்சல் மருந்தில் தேதி இருக்கிறது. பைக்குக்கு இன்சூரன்ஸ் முடிகிறது. இருபத்தெட்டு நாளை ஒரு மாதம் என்று சொல்லி ரீசார்ஜ் வாங்குகிற காலத்தில், இவர் வாங்குகிற நம்பருக்கு மட்டும் சாவே கிடையாதாம். "அப்படின்னு யார் எழுதிக் கொடுத்தாக?" என்றேன். டின்னை எடுத்து பீரோ மேலே வைத்தார்.

சரி, அடித்தாவது வைக்கலாமே? வாங்கிய அன்றைக்கே நம்பரை உள்ளே போட்டு வைத்தால் துண்டுச்சீட்டைக் காவல் காக்க வேண்டாம் இல்லையா? அதையும் கேட்டேன். "அடிச்சா அது என் பேர்ல ஏறிடும். அப்புறம் வேற ஆளுக்குக் கொடுக்க முடியாது" என்றார். வேறு யாருக்குக் கொடுக்கப் போகிறார்? யோசித்துப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. ஒரே கேமை ரெண்டு ரெண்டாக வாங்கியிருக்கிறார் அக்கா! ஏழு கேம், பதினாலு சீட்டு. ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்கிற புத்திசாலித்தனம்போல என்று நினைத்துக்கொண்டேன். கரண்டி வாங்குகிற மாதிரி.

நானும் ஒரு நாள் விளையாடியிருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது. கல்யாணமான புதிது. டிராக்டர் ஓட்டுகிற கேம். ஆளுக்கொரு ரிமோட். அவர் அதற்கு வேறு பேர் சொல்வார், எனக்கு ரிமோட்தான். எனக்கு நீல ரிமோட். நான் எங்கப்பா டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்தே பள்ளிக்கூடம் போனவள், எனக்கு டிராக்டரைச் சொல்லிக் கொடுக்க வந்தார். இவர் டிராக்டரை ஒரே இடி, கொண்டுபோய்க் கண்மாயில் இறக்கிவிட்டேன். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தார். இன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். "அன்னைக்கு விக்கல் எடுத்துச் சிரிச்சயே" என்று. ஒரு ஆம்பிளைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வேறு விஷயமா கிடைக்கவில்லை?

அப்புறம் மித்ரா பிறந்தாள். அப்புறம் எங்கே கேம், எங்கே ரிமோட். பாத்திரம் கிடக்கும், துணி கிடக்கும், பிள்ளை அழும். லீவில் இவர்தான் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடப்பார். ஜடை பின்னிவிடுவார், ஒன்று கிழக்கே பார்க்கும், ஒன்று மேற்கே பார்க்கும். அதற்கு நடுவில் வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்பார். "காளி, ரெண்டு நிமிஷம் வா. உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் போடணும். உன் போனுக்கு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லு."

நான் சொல்வேனா? ஓடிபியைப் பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லாதே என்று பேங்க்கில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். "யாருக்கும் சொல்லக் கூடாது" என்றேன். "நான் யாரோவா?" என்றார். "யாரா இருந்தாலும் யாரோதான்" என்றேன். எத்தனை தடவை கேட்டிருப்பார்! ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு வேலை இருந்தது. வேலை இருக்கிறவளுக்குத்தானே தெரியும்.

இந்த ஆவணி மாதம் பீரோ மேலே தூசி தட்டினேன். டின்னைத் திறந்தேன். திறந்தால், நாலைந்து சீட்டில் எழுத்து அழிந்துகொண்டு வருகிறது. ஒன்றில் பாதி நம்பர்தான் தெரிகிறது. கெட்டுப்போகாதாம்! நம்பர் கெடாது சரி, அது ஏறி உட்கார்ந்திருக்கிற பேப்பர்? காற்றாடி உச்சியில் எந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று கீழே நின்றே சொல்கிற மனிதருக்கு, தன் டின்னுக்குள் நடப்பது தெரியவில்லை.

எனக்குப் பொருள் வீணாவது பிடிக்காது அக்கா. சின்ன வயதிலிருந்தே அப்படி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பில், அட்டை கிழியாத புத்தகத்துக்குப் பரிசு கொடுத்தார்கள், எனக்குத்தான். கல்யாணமாகி வந்ததும் வீட்டில் முதல் வேலையாக ரேஷன் கார்டு, ஆதார், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் லேமினேஷன் போட்டேன். பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் போட்டுவிட்டேன். அடுத்த ஊசிக்குப் போனால் ஆஸ்பத்திரி சிஸ்டர் பேனாவை வைத்துக்கொண்டு முழிக்கிறார். "ஏம்மா, இதுல எங்க எழுதுறது? என் நெத்தியிலயா?" என்றார். மேலே ஸ்கெட்ச் பேனாவில் எழுதிக்கொண்டோம். அட்டை இன்னும் புதுசாகத்தான் இருக்கிறது.

அப்படித்தான் இந்தப் பதினாலையும் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். இவர் சீசன் முடிந்து வருகிறபோது பளபளவென்று எடுத்துக் காட்டலாம் என்று. கடைக்காரப் பிள்ளை போனில் பேசிக்கொண்டே பதினாலையும் கவருக்குள் வரிசையாக அடுக்கி, நாலு தாளாக மிஷினுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவிட்டாள். அந்தப் பக்கம் வெளியே வருகிறது, கறுப்பு. ஒரு எழுத்து இல்லை. அந்தப் பேப்பரில் மையே கிடையாதாம் அக்கா. சூடு பட்டால் கறுக்கிற பேப்பராம், எழுத்தே சூட்டில்தான் விழுகிறதாம். மொத்தத்துக்கும் சூடு காட்டினால் மொத்தமும் எழுத்து! அந்தப் பிள்ளை போனைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இது என்ன சீட்டுக்கா?" என்கிறாள். முன்னாடி கேட்க வேண்டியதை எல்லாரும் பின்னாடிதான் கேட்கிறார்கள்.

நான் என்ன செய்ய? ஓரத்தை ஒழுங்காக வெட்டித் தரச் சொல்லி வாங்கிவந்து டின்னுக்குள் வைத்தேன். இவரிடம் சொல்லவில்லை. எண்பது மீட்டர் உயரத்தில் நிற்கிற மனிதருக்குப் போன் போட்டுச் சொல்லக்கூடிய சேதியா அது? சீசன் முடியட்டும் என்று நானும் இருந்தேன்.

முடிந்தது. போன வாரத்துக்கு முந்தின வாரம் வந்தார். குளித்தார், சாப்பிட்டார், பிள்ளையைத் தூங்க வைத்தார். கம்ப்யூட்டரைத் துடைத்தார். ரெண்டு ரிமோட்டையும் துடைத்தார். டின்னைத் திறந்தார்.

கத்துவார் என்று பார்த்தேன். கத்தினால் நானும் கத்தியிருப்பேன், நாலு வார்த்தையில் தீர்ந்திருக்கும். கத்தவில்லை. ஒவ்வொரு அட்டையாக எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பதினாலையும் பார்த்தார்.

"ஏன் காளி?"

"பத்திரமா இருக்கட்டும்னுதான்."

தலையை ஆட்டிக்கொண்டார். திரும்ப அடுக்கி மூடினார். அவ்வளவுதான். அன்றிலிருந்து "சோறு", "போதும்", "பிள்ளை எங்க?", இந்த மூன்றுதான் பேச்சு. ஒன்பது நாள்! என்ன பெரிய சொத்து போய்விட்டது? விளையாட்டு நம்பர். அதுவும் மூன்று வருடமாக விளையாடாத விளையாட்டு. கடைக்குப் போய் அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதுதானே? கேட்க மாட்டார். ஆம்பிளைகள் ஒரு பொருள் தொலைந்தால் தேட மாட்டார்கள் அக்கா, துக்கம் காப்பார்கள்.

நேற்று இவர் போனில் பேசுவது காதில் விழுந்தது. கழுகுமலைக்காரர் ஒருவரிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடப் போகிறாராம். இன்றைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்த ஆள் வந்து தூக்கிக்கொண்டு போகிறாராம். "ரெண்டு ரிமோட்டும் சேத்துத்தான் தாரேன்ணே. இங்க விளையாட ஆளு இல்ல" என்கிறார்.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். மூன்று வருடமாக அந்த மேசையை ஒழித்துக் கொடுங்கள், தையல் மிஷின் போடணும் என்று கேட்டவள் நான். ஆனால் அதென்ன "ஆளு இல்ல"? வீட்டில் குத்துக்கல்லாட்டம் நான் இருக்கும்போது ஆள் இல்லை என்று ஊர்க்காரனிடம் சொல்வதா? கோபம் வருமா வராதா? அதுதான் இன்று மத்தியானம் ஆதாரில் திருத்தம் என்று பொய் சொல்லிவிட்டு, பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்கு வந்தேன்.

டிரைவர் அண்ணே! ரயில்வே கேட்தான் திறந்துட்டானே, இன்னும் என்ன? மணி நாலரை. நான் போய் நிற்பதற்குள் அந்தக் கழுகுமலை வந்துவிடும்.

ஜெபஸ்டின் அட்டைகளைப் பார்த்துவிட்டு அஞ்சு நிமிடம் சிரித்தான். சிரித்து முடி தம்பி, நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அப்புறம் இவர் போன் நம்பரைப் போட்டுத் தேடினான். பதினாலும் அவனுக்கு வந்த மெயிலில் அப்படியே இருக்கிறது! பில் போட்டவனிடம் நகல் இருக்கும் என்பது பத்தாம் வகுப்பு படித்த எனக்குத் தெரிகிறது.

"தம்பி, மூணு வருஷம் ஆச்சே. காலாவதி ஆகியிருக்காதா?"

"இல்லக்கா. ஓசியில குடுக்கிற கீக்குத்தான் பெரும்பாலும் தேதி போட்டிருப்பான். வாங்கின கீயை அடிக்காம வச்சிருந்தா பொதுவா ஒண்ணும் ஆகாது."

சரி, அந்த ஒரு விஷயத்தில் மனிதர் சொன்னது நிஜம்தான். அதை அவரிடம் போய்ச் சொல்லப் போவதில்லை.

"ஆனா இந்த ரெண்டு மட்டும் செத்துருச்சுக்கா" என்றான். படகு விளையாட்டாம். ரெண்டு பேர் சேர்ந்து ஒரே படகைத் துடுப்பு போட வேண்டுமாம். ஆன்லைனில் மட்டும் ஓடுகிற கேம். கம்பெனிக்காரனே பங்குனியில் இழுத்து மூடிவிட்டானாம். "கீ நல்லாத்தான் இருக்கு. திறக்கிறதுக்கு உள்ள ஒண்ணுமில்ல." எல்லாவற்றிலும் முதலில் வாங்கியது அதுதானாம். எங்கள் முதல் கல்யாண நாளைக்கு. அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? மாவரைத்துக்கொண்டிருந்தேன். கல்யாண நாள் என்று வடைக்கு.

அதற்குமேல் அவனே சொல்கிறான். "அண்ணன் எப்பவும் ரெண்டாத்தான் வாங்குவார்க்கா. ஒரு கேமுக்கு ஒண்ணே போதும்ணே, ஒரே கீயில ரெண்டு பேரும் விளையாடலாம்னு சொல்லுவேன். கேக்க மாட்டார். அவளுக்குன்னு தனியா இருக்கணும்பார்."

'அவள்' என்றான் அக்கா! எந்த அவள், எவள் அவள் என்று எழுந்தே நின்றுவிட்டேன். அப்புறம் பார்த்தால் நான்தானாம்.

நான் கேட்டேனா? எனக்கு ஏழு கேம் வாங்கி வையுங்கள் என்று என்றைக்காவது வாய் திறந்தேனா? ஒரு புடவை எடுத்தால் கலர் சரியில்லை என்று சொல்லலாம், மாற்றலாம். டின்னுக்குள் மடித்து வைத்த நம்பருக்கு நான் என்ன சொல்ல? சொன்னால்தானே தெரியும்? ரெண்டு நிமிஷம் வா, ரெண்டு நிமிஷம் வா என்றால் யாருக்கு என்ன விளங்கும்? நீங்களே சொல்லுங்கள். ஏன் சிரிக்கிறீர்கள்?

பில் பேப்பர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்துக் கடையில் நாற்பது பக்க நோட்டு வாங்கி, அவன் படிக்கப் படிக்க நானே எழுதினேன். பால்பாயிண்ட் பேனா, நீல மை. சுழியா ஓவா, அஞ்சா எஸ்ஸா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டு எழுதினேன். தம்பிக்கு வாய் வலித்துவிட்டது. பக்கத்துக்கு ரெண்டு நம்பர். இடது பக்கம் அவருக்கு, வலது பக்கம் எனக்கு. பாருங்கள், ஒரு அடித்தல் இல்லை.

இதுவா? இதுதான் அந்தப் படகு. செத்ததை எதற்கு எழுதினாய் என்றுதானே கேட்கிறீர்கள்? ஜெபஸ்டினும் கேட்டான். முதல் பக்கம் காலியாக இருந்தது, எழுதினேன். நோட்டு வீணாகக் கூடாதில்லையா?

இருங்கள், வீட்டுக்குப் போட்டுப் பார்க்கிறேன். பஸ் ஏறுவதற்கு முன்னாடியும் அடித்தேன், எடுக்க ஆளில்லை. பிள்ளை அவர் போனில் பாட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும், என் நம்பர் வந்தால் கட் பண்ணிவிடும்.

"ஹலோ. ஏ மித்ரா, அம்மாடா. அப்பா எங்க?… எந்த மாமா?… மாமா என்ன தூக்குது?… பொட்டியவா? ஏ தங்கம், ஓடு, அப்பாகிட்ட போனைக் குடு. வச்சிராத, வச்சிராத…"

வைத்துவிட்டாள். வந்துவிட்டான் அக்கா கழுகுமலைக்காரன்! அஞ்சு மணி என்றால் அஞ்சுக்கு வர வேண்டியதுதானே, பால்காரனாட்டம் முன்னாடியே வந்து நிற்கிறான்.

"ஹலோ! மித்… ஏங்க, நீங்களா? நான்தான். பொட்டியைக் கீழ வைங்க… வைங்கன்னா வைங்க. அந்த ஆளுகிட்ட காப்பி குடிச்சிட்டுக் கிளம்பச் சொல்லுங்க… ஆதாரா? ஆதார் நல்லாத்தான் இருக்கு, அதுக்கு ஒரு கேடும் இல்ல. நான் ஜெபஸ்டின் கடைக்குப் போயிட்டு வாரேன்… ஆமா. பதினாலும்… ஏங்க? இருக்கீகளா?… என்னன்னு கேட்டா, எனக்கு அக்கவுண்ட் போடணும். இன்னைக்கே. ஓடிபி என் போனுக்குத்தான வரும், நான் வந்து சேர்ற வரைக்கும் அந்தப் பொட்டி வாசல் தாண்டக் கூடாது…"

லைன் இருக்கிறது, பக்கத்தில் பிள்ளை பாடுவது கேட்கிறது.

"ஹலோ… என்ன?… ஆமா, சொன்னேன். யாருக்கும் சொல்லக் கூடாதுதான். அதனால என்ன, நானே அடிச்சுக்கிடுதேன், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க… சிரிக்காதீக. பஸ்ல எல்லாரும் பாக்காக. சிரிக்காதீகங்கறேன்ல!"

ஒன்பது நாள் கழித்து அந்த மனிதருக்குச் சிரிப்பு வருகிறது பாருங்கள், அதுவும் ஊரான் ஒருத்தன் பொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது.

விலக்கு வந்துவிட்டது, அந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்துங்கள் அக்கா. இந்தக் கறுப்பு அட்டை உங்களுக்கு ஒன்று வேண்டுமா? வெயிலுக்கு முகத்துக்கு நேராகப் பிடிக்கலாம். வேண்டாமா? சரி, கொடுங்கள், பதினாலும் இருக்கட்டும்.

"ஏங்க, வைக்காதீங்க, இன்னும் ஒண்ணு. நீல ரிமோட்ல பேட்டரி இருக்கா?"